முட்டைக்கு ஆடியும் தெரியாது, ஐப்பசியும் தெரியாது

என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சீவலப்பேரியில் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழிலைத் தொடங்கினார். எங்களுடையது முட்டையை முகர்ந்தும் பார்க்காத சைவக் குடும்பம். வீட்டுக்குள் அந்தச் சொல்லைக்கூட யாரும் சொல்லக் கூடாது, ‘சரக்கு’ என்பார்கள். கொட்டகை கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய்விட்டு வந்தால் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரலாம். அது அக்காவின் சட்டம். அத்தானைப் போல ஒரே நாளில் அத்தனை முறை குளித்த மனிதரை நான் குற்றாலத்தில்கூடப் பார்த்ததில்லை.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் மின்வெட்டில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. இரண்டாவது ஈடும் போனால் கொட்டகையைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். இதை அவர் சொல்லவில்லை. அவர் பூட்டு வாங்கி வைத்திருப்பதாக அக்கா சொன்னாள்.

அந்த ஐப்பசியில், மழைக்கு நடுவே டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். உதவி செய்வதற்காக அல்ல, வாதாடுவதற்காக. தெற்கே கடற்கரையில் அணுமின் நிலையம் வரும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருந்த, தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அத்தான் அணு கட்சி, நான் காற்றாலைக் கட்சி. காற்றையும் தண்ணீரையும் சேர்த்துக் கட்டினால் அணு தேவையில்லை என்று ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தேன். அதை முழுக்கப் படித்தவர்கள் இரண்டு பேர்: நானும், பிழை திருத்தியவரும்.

“ஆடியில காத்து பேயா அடிக்கும் அத்தான். அப்பம் பாபநாசம் அணைத் தண்ணிய தொறக்காம சேத்து வச்சிருந்தா, காத்து நின்ன பெறவு அத விட்டுக் கரண்ட் எடுக்கலாம். அணைதான் நம்ம பேட்டரி.”

“ஆடியில தண்ணிய அடைச்சா கார் நெல்லு எதைக் குடிக்கும்? உம்ம கட்டுரையையா?”

கட்டுரையில் கார் நெல் இல்லை. நான் காப்பியைக் குடித்தேன்.

“முட்டைக்கு ஆடியும் தெரியாது, ஐப்பசியும் தெரியாது வே,” என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. “அதுக்கு ராவும் பகலும் ஒரே சூடு வேணும். அணு உலை அப்படித்தான் சீரா ஓடும்.”

“சரி, கழிவை எங்கன வைப்பிய?”

“அதுக்கு ஒரு எடம் பாப்பாக.”

அடுக்களையிலிருந்து அக்கா சொன்னாள்: “சரக்கையே வீட்டுக்குள்ள விட எடமில்ல. இவுக அதுக்கு எடம் பாக்காக.”

அப்போதுதான் மின்விசிறி நின்றது.

அத்தான் எழுந்து குடை எடுக்காமல் கொட்டகைக்கு நடந்தார். நானும் போனேன். பொரிப்பான் என்பது ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே விளக்குகள், தட்டுகள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெப்பமானி. பாதரசம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிற்க வேண்டும். முட்டைகள் மறுநாள் பொரிய வேண்டியவை. ஜெனரேட்டர் டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் பாகம் பாகமாகக் கழன்று கிடந்தது.

ஒரு மணி நேரம் போல் காத்திருந்தோம். லைன்மேன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். புளியமரம் விழுந்து, வயலுக்குள் கம்பம் சாய்ந்துவிட்டதாம்.

“வயல்ல இடுப்பளவு தண்ணி அண்ணாச்சி. நாளைக்குச் சாயங்காலத்துக்கு முன்னால ஆவாது.”

அணுவோ காற்றோ, எதில் பிறந்த மின்சாரமும் அந்தக் கம்பத்தின் வழியாகத்தான் வர வேண்டும். எங்கள் இருவர் வாதத்திலும் அந்தக் கம்பம் வரவில்லை. பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறங்கியது என்று உள்ளே கைவிட்டுப் பார்க்க நான் இரண்டு முறை பெட்டியைத் திறந்தேன்.

“சேத்து வைக்கதப் பத்தி எழுதுன ஆளு, இருக்கதையும் தொறந்து விடுதீரு,” என்றார் அத்தான். அவர் சிரிக்கவில்லை.

கொட்டகையில் கரி மூட்டினால் புகையில் குஞ்சு சாகும். ஓலைத் தடுப்பு வழியே சாரல் அடித்தது. காற்றுப் புகாத, கதகதப்பான இடம் ஒன்றுதான்: வீட்டுக்குள், அடுக்களைக்குப் பக்கத்து நெல் அறை. சுவருக்கு அந்தப் புறம் நாள் முழுக்க விறகடுப்பு எரியும். ஆனால் அன்று கந்த சஷ்டி. அக்கா விரதம்.

அத்தான் ஒரு தட்டைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு பின்வாசல் வரை வந்தார். குளிக்கவில்லை. அக்கா நிலையில் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசலில் அவர் அவளிடம் எதுவும் கேட்டு நின்றதாக எனக்கு நினைவில்லை.

“நெல் அறைக்குள்ள மட்டும்,” என்றார்.

“சஷ்டிக்கா?”

எனக்குத் தெரிந்த அத்தனை தர்க்கமும் தொண்டை வரை வந்தது. நல்லவேளையாக அங்கேயே நின்றுவிட்டது. அத்தான் துண்டை விலக்கினார். மழைச் சத்தத்துக்கு அடியில் மிக மெல்லிதாக ஒரு கீச்சொலி கேட்டது. ஒரு முட்டையில் ஊசிமுனை அளவு விரிசல்.

அக்கா குனிந்தாள். தொடவில்லை.

“உள்ள உசிரு வந்துட்டா?”

“வந்துட்டு.”

“இப்படியே விட்டா?”

அத்தான் துண்டை மறுபடி தட்டின் மேல் இழுத்துப் போர்த்தினார். அக்கா நிலையை விட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

“உசிரு வந்துட்டுன்னா அது சரக்கு இல்ல. பட்டினி கெடந்து முருகனக் கும்பிடுதேன், வாசல்ல வச்சு உசிரைக் கொல்லவா? கொண்டாங்க. நிலைப்படியில இடிச்சிராம, பைய.”

அதன் பிறகு அந்த வீட்டை அவள்தான் நடத்தினாள். மற்றத் தட்டுகளையும் உள்ளே கொண்டுவரச் சொன்னாள், சீராக வந்த பித்தளைக் குடங்களைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். வெந்நீர் காய்ச்சி ஊற்றி, வாயை மூடி, தட்டுகளைச் சுற்றி வைத்துப் பழைய சமுக்காளத்தைப் போர்த்தினாள். ஒரு குடம் ஆறினால் அடுத்தது. நானும் அத்தானும் முறை வைத்துச் சுமந்தோம். இடையில் நான் ஒரு முறை சமுக்காளத்தைத் தூக்கப் போனேன்.

“தொடாதல,” என்றாள்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் வரை விரிசல் விட்ட முட்டைகள் அப்படியே கிடந்தன. அத்தான் பூட்டு வைத்திருந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிப்பொழுதில் ஒன்று உடைத்துக்கொண்டு வந்தது. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. எல்லாம் பிழைக்கவில்லை, பெரும்பாலானவை பிழைத்தன. சாயங்காலம் கரண்ட் வந்து விளக்கு எரிந்தபோது அத்தான் தட்டைத் தூக்கப் போனார்.

“இருங்க. ஈரம் காயட்டும்,” என்றாள் அக்கா.

குஞ்சுகள் போன பிறகு நெல் அறையை இரண்டு முறை கழுவி, மஞ்சள்நீர் தெளித்துவிட்டு அவளும் தலைக்குக் குளித்தாள். அந்த ஈடு அடுத்த வாரம் பண்ணைக்காரரின் வேனில் ஏறிப் போயிற்று. வளர்ந்த பிறகு அவை எங்கே போகும் என்று அக்கா கேட்கவில்லை. அத்தானும் சொல்லவில்லை. வேன் தெரு முனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள்.