பின்னுக்குப் போகாத ஜீப்

எங்கள் வாப்பாவின் ஜீப் முன்னுக்கு மட்டும்தான் போகும். இந்த விஷயம் சாய்ந்தமருதில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: வாப்பாவுக்கு, கராஜ்காரருக்கு, ஒன்பது வயதான எனக்கு.

ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, கொழும்பில் யாரோ ஓட்டித் தேய்த்து, கடைசியில் எங்கள் வயல்பாதைக்கு வந்துசேர்ந்த ஓட்டோ கியர் ஜீப் அது. ஒருநாள் அதைக் கராஜுக்குக் கொண்டுபோனபோது நானும் தொற்றிக்கொண்டு போனேன். கராஜ்காரர் அடியில் கிடந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கியர் பெட்டிக்குள்ள ரிவேஸ் தகடு தேஞ்சி முடிஞ்சி, ஹாஜியார். முன்னுக்கு ஓடும், பின்னுக்கு ஏலா. ரிவேஸப் போட்டு முறுக்கிராதீங்க. முறுக்கினா முன்னுக்குப் போறதும் போயிரும்.”

பெட்டியை இறக்கிச் செய்ய வேண்டும், சாமான் கிடைக்க மாதக்கணக்காகும் என்றார். வாப்பாவிடம் மாதக்கணக்கு இல்லை. மூத்த மகளுக்கு, என் ராத்தாவுக்கு, மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். கல்வீட்டோடு ஜீப்பையும் தருவதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது.

திரும்பும் வழியில் எனக்கு ஐஸ் சொக் வாங்கித் தந்தார். “ஒருத்தருக்கிட்டயும் கதைக்கப்படாது மகள். தெரிஞ்சா ராத்தாட கலியாணம் முறிஞ்சிரும்” என்றார். ராத்தாவின் கலியாணம் எனக்கு ஐஸ் சொக்கைவிடப் பெரிதாக இருந்தது என்று சொன்னால் அது பொய். இரண்டும் ஒரே அளவுதான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என்னைப்போல வாய் இறுக்கமான பிள்ளை ஊரிலேயே இல்லை என்று வாப்பா உம்மாவிடம் சொல்ல, உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று வாப்பா ஜீப்பை வளவுக்குள் கொண்டுவந்து, நடுவில் நின்ற தென்னையைச் சுற்றி ஒரு வட்டமடித்து, மூஞ்சியைக் கடப்பு வாசல் பக்கம் வைத்து நிறுத்தினார். என்ன நேர்த்தி என்று மெச்சினார்கள். “வாகனத்த எப்பவும் வாசலப் பாத்து நிப்பாட்டணும். அதுதான் பறக்கத்து” என்றார் வாப்பா. நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அல்லாஹ்வின் பறக்கத்தையும் தேய்ந்த தகட்டையும் ஒரே மூச்சில் முடிச்சுப்போட்ட மனிதரை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

நிக்காஹ் முடிந்தது. நாங்கள் கல்வீட்டை விட்டு, அதே வளவில் பின்னாலிருந்த சின்ன வீட்டுக்கு மாறினோம். மச்சான் நல்ல மனிதர். கட்டாரில் வேலை. லீவில் வந்து கலியாணம் முடித்தவர் ஒன்றரை மாதம் நின்றார். புதுமாப்பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று சொல்லி, போன இடமெல்லாம் வாப்பாவே ஜீப்பை ஓட்டினார். மச்சான் வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். ராத்தாவுக்குப் பிள்ளை பெறும் மாதம் நெருங்க, மறுபடி லீவெடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அது மாரிகாலம். மூன்று நாளாக மழை விடவில்லை. அன்று காலை ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனவர் மச்சான்தான். திரும்பி வந்தபோது வளவில் கணுக்காலுக்குத் தண்ணீர். ராத்தா வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று மச்சான் வட்டமடிக்காமல் நேரே கொண்டுவந்து, மூஞ்சி விறாந்தைச் சுவரில் முட்டுமளவுக்கு நிறுத்தி, அவளைக் கைபிடித்துப் படியில் ஏற்றினார். பகல் லுஹர் தொழப் போக வெளியே வந்த வாப்பா ஜீப்பைக் கண்டார். குடையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பள்ளிக்குப் போய்விட்டார்.

பின்னேரம், அஸருக்குக் கொஞ்சம் முந்தி ராத்தாவுக்கு வலி எடுத்தது. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது. போக ஜீப் மட்டும்தான். மச்சான் ராத்தாவை ஏற்றிவிட்டு ரிவேஸைப் போட்டு மிதித்தார். இஞ்சின் உறுமியது. ஜீப் அசையவில்லை.

“சேத்துல இறுகிட்டு” என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் வயல்காரர்கள். உழவு மெஷின் புதைந்தால் எடுக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. மண்வெட்டி வந்தது. தென்னோலை வந்தது. பலகை வந்தது. சில்லுகள் பாதி தண்ணீருக்குள் கிடந்ததால் அவை சுற்றுகின்றனவா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இவர்கள் தோண்டத் தோண்ட, மச்சான் நாலு சில்லுக்கும் இழுவையைப் போட்டு, முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். உள்ளே ராத்தா “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கியரை நியூட்ரலில் போட்டுப் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தால் போதும். பத்து நிமிஷ வேலை. கடப்புக்கு மூஞ்சி திரும்பிவிட்டால் ஜீப் ஆஸ்பத்திரி வரை போயிருக்கும். எனக்கு அது தெரியும். கராஜில் நின்று கேட்டவள் நான். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து மண்வெட்டியால் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். வேறெவரையும்விட வேகமாக வாரினார். ஒருதரம் நிமிர்ந்து என்னைக் கண்டார். உடனே குனிந்துகொண்டார். நான் வாய் இறுக்கமான பிள்ளை அல்லவா! விழுங்கிக்கொண்டேன்.

கருகல் மணம் வந்தது. அடியிலிருந்து புகை வந்தது. கடைசியில் யாரோ கயிறு கொண்டுவந்து கட்ட, பத்துப் பேர் சேர்ந்து பின்னுக்கு இழுத்தார்கள். ஜீப் இலேசாக வந்துவிட்டது. அப்பாடா என்று எல்லாரும் கையை விட, மச்சான் முன்னுக்குப் போகிற கியரைப் போட்டு மிதித்தார். இஞ்சின் சும்மா இரைந்தது. முன்னுக்குப் போவதும் போய்விட்டது.

ராத்தாவைக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்கள். அங்கே ஓர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றினார்கள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். ராத்தா தப்பினாள். பிள்ளை, ஆண்பிள்ளை, மௌத்தாகத்தான், மூச்சில்லாமல் பிறந்தது. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். மச்சான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் ராத்தாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். சின்னதொரு வெள்ளைப் பொட்டலத்தை மச்சான் கையில் ஏந்திக்கொண்டு மையவாடிக்குப் போய் அடக்கிவிட்டு வந்தார். வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. விறாந்தையில், ஊரார் முன்னிலையில், வாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழறி அழுதார். “மாமா, என்னப் பொருந்திக்கொள்ளுங்க. வாசலப் பாத்து நிப்பாட்டணும் எண்டு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல்ல. நான்தான் புள்ளயக் கொன்னுட்டன்.”

வாப்பா மச்சானின் தலையில் கையை வைத்து, “பொருந்திக்கிட்டன் மகன்” என்றார்.

எப்பேர்ப்பட்ட மனசு என்று வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. வாப்பா மச்சானை மன்னித்துவிட்டார், இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய், அழுதுகொண்டு கிடந்த ராத்தாவிடம் அந்த நல்ல செய்தியைச் சொன்னவளும் நான்தான்.