எழுந்து வெளியே போகிறவர்கள்

வெர்டி நேப்பியர் வாயைத் திறந்தால் எங்கள் ரெட்பட் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். தேர்தல்கூட எங்களை அப்படிப் பிரித்ததில்லை. சுரங்கக் கம்பெனி கைவிட்டுப் போன பழைய கடை மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானம் பாட்டு நடக்கும். ஒரு மூலையில் பன்றிக்கறி போட்டு வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் விற்பார்கள். மற்றவர்கள் பாடுகிறவரைக்கும் எல்லோரும் ஒழுங்காகத் தின்றுகொண்டிருப்பார்கள். வெர்டி மைக்கைப் பிடித்து முதல் அடியை எடுத்தாளோ இல்லையோ, நாற்காலிகள் கிறீச்சிடும். பாதிப் பேர் தட்டும் கையுமாகப் பின்வாசல் வழியாகத் தாழ்வாரத்துக்கு ஓடுவார்கள். மீதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு அழ ஆரம்பிப்பார்கள். 'பரவாயில்லை, கேட்கலாம்' என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

அது மூக்கிலிருந்து கிளம்புகிற குரல். மேலே ஏறும்போது நடுவில் கீறல் விழும். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் சுருதியைவிட்டு ஒரு நூல் கீழே இறங்கும். நாம் 'போச்சுடா' என்று பல்லைக் கடிக்கிற நேரத்தில் மெல்ல ஏறி வந்து சேர்ந்துகொள்ளும். ஒரே வண்டியில் வந்த புருஷன் பெண்டாட்டியில் ஒருத்தர் உள்ளே கண்ணைத் துடைப்பார், இன்னொருத்தர் வெளியே நின்று திட்டுவார். எனக்கு எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். நானும் கல்யாணமாகி இதே ஊரில்தான் குடியிருக்கிறேன்.

வெர்டிக்கு வேலை பள்ளிக்கூடச் சமையலறையில். பாத்திரம் கழுவும்போது பாடுவாள். சிறுமியாக இருந்தபோது தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குழுவை நடத்திய அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசை கண்ணு, கர்த்தர் புரிஞ்சுக்குவார்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதவள், மறுநாள் கோழிக்கூட்டுப் பக்கம் போய்ப் பழையபடி பாட ஆரம்பித்துவிட்டாள். பிடிவாதக்காரி.

ஹார்லிஸ் அவளை முதன்முதலில் பார்த்ததும் அந்தக் குரலால்தான். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் வேலை முடிந்து கரி மூஞ்சியோடு போய்க்கொண்டிருந்தவன் வேலியைத் தாண்டிக் குதித்தான்.

"யாரோ ஆட்டை அறுக்கிறாங்கன்னு ஓடியாந்தேன்," என்றான்.

"ஆடு தப்பிச்சு ஓடிடுச்சு. நான்தான் இருக்கேன்," என்று ஈரத் துண்டை அவன் மூஞ்சியில் எறிந்தாள். அந்த இலையுதிர் காலமே கல்யாணம். கல்யாணத்தில் ஆடும்போது ஹார்லிஸுக்குத் தாளமே நிற்கவில்லை. எல்லோருடைய காலும் விழுந்து ஒரு மூச்சு கழித்துத்தான் அவன் கால் விழுந்தது. ஊரே சிரித்தது. அதோடு அவன் ஆடுவதை விட்டான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அவள் பாட ஆரம்பித்தால் அவன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான். கோபமெல்லாம் கிடையாது. மண்டபத்திலும் அதேதான். வண்டி ஓட்டி வருவான், கிட்டார் பெட்டியைச் சுமப்பான், அவள் நாற்காலி ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பான். பிறகு எல்லோருக்கும் முந்தி எழுந்து, "என் பொண்டாட்டி பாடப்போறா, வழி விடுங்கப்பா" என்று கத்திக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போவான். ஊரில் இதைவிட நல்ல வேடிக்கை வேறு இல்லை. அவன் போகிற அழகைப் பார்த்தால் வெர்டிக்குத் தொண்டை தானாகத் திறக்கும்.

அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகு கோல்பி வந்தான். தாடிக்காரன், முப்பது வயசு இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பழைய மலைப்பாட்டை முரட்டு இரைச்சலோடு வாசிக்கிற குழு அவனுடையது. ரேடியோவில் வருகிற பளபளப்பான கன்ட்ரி பாட்டு அவர்களுக்கு ஆகாது. பள்ளிக்கூட விழா ஒன்றில் வெர்டி பாடியதைக் கேட்டு, கால் தரையில் படாமல் ஓடிவந்தான். "அம்மா, இந்தக் குரலை யாரும் திருத்திடலையே? தொடாம அப்படியே விட்டுட்டாங்களே!" என்றான். ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். பேர் தெரியாத நகரங்களில் ஆட்கள் அதைக் கேட்டு இன்டர்நெட்டில் அடித்துக்கொண்டார்கள். 'இந்தப் பெண்மணிக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள்' என்று ஒருவன் எழுதினான். 'செத்துப்போன என் அக்கா அடுத்த அறையில் நடமாடுவது போலிருக்கிறது' என்று இன்னொருத்தி எழுதினாள். ஹார்லிஸ் சாப்பாட்டு மேஜையில் திட்டுகளை மட்டும் தேடித் தேடிச் சத்தமாகப் படிப்பான். "இவன் நம்ம கட்சி!" என்று மேஜையைத் தட்டுவான்.

விபரீதம் இரும்புக்கடைக்காரன் எஸ்டிலிடமிருந்து ஆரம்பித்தது. வெர்டி பாட்டென்றால் சட்டென்று எழுகிற ஆள். ஒரு சனிக்கிழமை அவன் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பாட்டுவரை இருந்தான். முடிந்ததும் மேடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் எதுக்கு ஓடினேன்னு தெரியல வெர்டி. தேன் மாதிரி இருக்கு" என்றான். கண்ணெல்லாம் ஈரம். அடுத்த சனிக்கிழமைக்குள் அவனைப் புதைத்துவிட்டோம். வயசான மனுஷன், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு தபாலாபீஸில் வேலை பார்த்த ஒரு கிழவர், அவரும் அப்படியே தாழ்வாரத்திலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தவர். அதற்குப் பிறகு பள்ளி பஸ் ஓட்டுகிற டெல்ஃபா. நாற்பது வயசு, கல்லைத் தின்றாலும் செரிக்கும். அவள் பாதிப் பாட்டில் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, வாய் பிளந்து கேட்டுவிட்டு, "இவ்வளவு அழகா!" என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் கிளம்பவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தாள்.

முதலிலிருந்தே ரசித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பாட்டுக்கு அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள். வெளியிலிருந்து உள்ளே வந்தவர்கள்தான் போனார்கள். இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் முடிவெட்டுகிற கடை வைத்திருக்கும் ஓனீடா. "வீட்டுக்குள்ள குருவி வந்தா சாவு வரும்னு சொல்வாங்கல்ல, அதான் இது. அறிகுறி!" என்று ஒரு தலையில் கத்தரியை வைத்துக்கொண்டே சொன்னாள். சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது.

இனி மண்டபம் காலியாகும் என்றுதான் வெர்டி நினைத்தாள். நடந்ததோ தலைகீழ். கூட்டம் நிரம்பி வழிந்தது. பாட்டே கேட்காதவர்கள், பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். சுவரோரம் நின்றுகொண்டு, கையைப் பிசைந்துகொண்டு, முதல் இரண்டு அடியைக் கேட்பார்கள். முகம் சுளிக்கும். உடனே சிரிப்பு பொங்கும். "அப்பாடா! இன்னும் சகிக்கல! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவார்கள். தாழ்வாரத்தில் கெக்கலிப்பு கேட்கும். ஓனீடா வாராவாரம் வந்து, காதைப் பொத்திக்கொண்டு, ஆனந்தமாக ஓடுவாள்.

வெர்டி மேடையில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டே பாடினாள். வாழ்நாள் முழுக்க அவள் குரலைப் பிடிக்காமல் ஓடியவர்கள் உண்டு, அது அவளுக்குப் பழக்கம். இப்போது பிடிக்காததற்காகச் சந்தோஷப்பட்டு ஓடுகிறார்கள். "நான் என்ன காய்ச்சல் பாக்குற கண்ணாடிக் குச்சியா?" என்று கோல்பியிடம் சீறினாள். அவமானத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்குள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஹார்லிஸின் நெஞ்சில் சுரங்கத்துக் கரித்தூசி கல்லாக உறைந்துபோயிருந்தது. மூக்கில் குழாய். படுக்கைக்குப் பக்கத்தில் பிராணவாயு மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். டாக்டர் வருஷக்கணக்கில் பேசுவதை நிறுத்தி மாசக்கணக்குக்கு வந்துவிட்டார். தான் பாடும்போது எழுந்து பின்பக்கம் போகிறவரைக்கும் ஹார்லிஸ் உயிரோடு இருப்பான் என்று வெர்டி நம்பினாள். ஒருநாள் அவன் போகாமல் உட்கார்ந்துவிட்டால்? அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. தொண்டை சரியில்லை என்று கோல்பியிடம் சொல்லிவிட்டாள். மண்டபத்துக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் மெஷின் மட்டும்தான் சத்தம் போட்டது.

வசந்தம் வந்து, வாசலில் எங்கள் ஊருக்குப் பேர் கொடுத்த ரெட்பட் மரம் பூத்த ஒரு மத்தியானம். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலோர நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"வெர்டி."

"என்ன, தண்ணியா?"

"பாடு."

கத்தி அவள் கையில் நின்றுவிட்டது. "தொண்டை சரியில்ல."

"பொய். கோழியை விரட்டும்போது காலையில எட்டூருக்குக் கேட்டுது."

"ஹார்லிஸ், வேணாம்."

"ஓனீடா சொன்னதா? அடி பைத்தியமே! போன வருஷம் நம்ம வீட்டுக்குள்ள குருவி வந்துச்சே, யாரு செத்தா? குருவிதான் செத்துச்சு. பூனை தின்னுடுச்சு." சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "இந்த வீடு பிணவறை மாதிரி இருக்குடி. ஆடு அறுக்கிற சத்தமாவது இருக்கட்டும். பாடு. நான் எந்திரிச்சு வெளிய போறேன் பாரு. பாத்துட்டு நிம்மதியா இரு."

அவளுக்கு அழுகை முட்டியது. முகத்தைக் காட்டக்கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். துணி காயப்போடும்போது பாடிய அந்தப் பழைய பாட்டை எடுத்தாள். நாள்பட்டுப் பூட்டிக்கிடந்த குரல், கீறல் முன்னைவிட மோசமாகத்தான் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் கோப்பை எடுக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி முனகியது. எழுந்துவிட்டான்! அவளுக்கு உயிர் வந்தது. குரலை உயர்த்தினாள்.

நாற்காலி மறுபடி முனகியது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

அடுப்பில் பளபளவென்று தேய்த்து வைத்த கெட்டில் இருந்தது. அதில் ஜன்னல் தெரிந்தது, நாற்காலி தெரிந்தது. கம்பளிக்கு அடியில் அவன் கால் தட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று விழுந்த மாதிரியே, பாட்டுக்கு ஒரு மூச்சு பின்னால். கண்ணை மூடியிருந்தான். மூக்குக் குழாய்க்குக் கீழே உதடு அவளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

வெர்டி பாட்டை நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நிறுத்தினால், தான் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும். கடைசி அடிவரை பாடினாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

ஹார்லிஸ் மூஞ்சியை அஷ்டகோணலாக்கி வைத்திருந்தான். "ஐயோ! காது போச்சு! அடிப்பாவி, அதே ஆடுதான்டி!"

"நெசமாவா? அவ்வளவு மோசமாவா?"

"சகிக்கல. எந்திரிக்கத் தெம்பில்ல, இல்லாட்டி எப்பவோ ஓடியிருப்பேன்."

"நல்லா வேணும் உனக்கு," என்று அவள் சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததை அவன் பார்க்காதது போல இருந்தான்.  பிறகு அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வெர்டி, இன்னொண்ணு பாடு."

"எதுக்கு? அதான் சகிக்கலன்னியே."

"நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும்ல."

அவள் பாடினாள். தெரிந்த பாட்டெல்லாம் பாடினாள். வெயில் ஜன்னலைவிட்டு இறங்குகிறவரைக்கும் பாடினாள். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அவன் புதிது புதிதாகத் திட்டினான். அவள் ஒவ்வொரு திட்டுக்கும் சிரித்தாள். அந்த வாரக் கடைசியில் ரெட்பட் பூ உதிர ஆரம்பித்தபோது அவன் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். வெர்டி கறுப்பு உடையோடு மேடை ஏறி மைக்கைப் பிடித்தபோது கோல்பிக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் அந்தத் துணிக்கொடிப் பாட்டை எடுத்தாள். துக்க வீடாயிற்றே என்று கூட்டம் ஒரு நிமிஷம் நெளிந்தது. அப்புறம் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஓனீடா முன்னே போக, பாதிப் பேர் பின்வாசல் வழியாக வெளியே போனார்கள். வெர்டி அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். போங்க, நல்லாப் போங்க, நூறு வயசு இருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படி அவள் என்றைக்கும் நினைத்ததில்லை.

இரண்டாவது சரணத்தில் பின்வாசல் திறந்தது. போனவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.  முகத்தில் ரத்தம் இல்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியாக வந்த ஓனீடா இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு மேடைவரைக்கும் ஓடிவந்தாள்.

"வெர்டி, நிறுத்துடி! தாழ்வாரத்துப் பலகையில யாரோ காலால தட்டுறாங்க. ஆளைக் காணோம். சத்தம் மட்டும் வருது!"

தட்டுவது தான் இல்லை என்று டிரம்ஸ்காரன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். மண்டபம் மூச்சை அடக்கியது. திறந்த கதவு வழியாக அது எல்லோருக்கும் கேட்டது. பாட்டு நின்ற பிறகும் ஒரே ஒரு தட்டு மிச்சம் இருந்தது, ஒரு மூச்சு பின்னால்.

வெர்டி மைக்கிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "உள்ள வரலையா அவன்?" என்று கேட்டாள்.

"யாருடி?"

"வெளியதானே நிக்கிறான்?"

ஓனீடா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப இன்னும் சகிக்கல போலிருக்கு," என்றாள் வெர்டி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கோல்பியைப் பார்த்தாள். "இன்னொண்ணு வாசி தம்பி. நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும்ல."

அவள் பாட ஆரம்பித்தாள். பின்வாசல் திறந்தே கிடந்தது. அன்றைக்கு அதற்கு மேல் ஒருவரும் எழுந்து வெளியே போகவில்லை.