இங்கிலீஷ் பேசப்படும்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது ரங்கூனில் எங்கள் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். கெம்மண்டைன் கடைத்தெருவில் எங்களுக்குக் குடைக்கடை இருந்தது. வருஷத்தில் பாதி மழை கொட்டுகிற ஊர், வியாபாரத்துக்குக் குறைவில்லை. குடை வாங்க வந்தவர்களிடமெல்லாம் குடையை விரித்துக் காட்டிக்கொண்டே, "எம் பொஞ்சாதி மிஷன் பள்ளிக்கூடத்துல ஏழாவது வரைக்கும் படிச்சவ. இங்கிலீஷ்ல வெள்ளைக்காரி தோத்தா!" என்பார். பர்மாக்காரர்கள் வந்தால் அதையே பர்மிய மொழியிலும் சொல்வார்.

நானும் வேண்டாம் என்று தடுத்ததில்லை. எதற்குத் தடுக்க வேண்டும்? கடைக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொன்னது நான். பதில் எழுதியது நான். ஆனால் வாயைத் திறந்து பேசியது? பள்ளிக்கூடத்தில் 'எஸ் சிஸ்டர், நோ சிஸ்டர்' என்றதற்கு மேல் அதிகமில்லை. அது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம், இவருக்கு ஜப்பானுக்குப் போகும் ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் குடைகள் கோபே துறைமுகத்திலிருந்துதான் வந்தன, நடுவில் இருக்கிறவர்கள் வழியாக. "நேர்ல போயி ஆளப் பாத்துட்டா எல்லாம் சரியாயிரும். நீ பேசு, நான் குடையப் பாக்குறேன்" என்றார். "எனக்கென்ன, போகலாம்" என்றேன். வாய்க்கொழுப்பு என்பது அதுதான்.

கப்பலில் நான் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் குமட்டும். அதை விடுங்கள். கோபேயில் இறங்கியபோது ஐப்பசிக் குளிர். பல் கிட்டித்தது. ஆள் இழுக்கிற இரண்டு கைவண்டிகளில் ஏறி, மலையடிவாரத்துத் தெருக்களில் தங்க இடம் தேடிக்கொண்டு போனோம். எந்த வீட்டு முகப்பைப் பார்த்தாலும் கோலம் போட்ட மாதிரி ஒரே ஜப்பான் எழுத்து. அப்படிப் போகையில் ஒரு மரவீட்டு வாசலில், வெள்ளைப் பலகையில், அச்சடித்தது போன்ற அழகான கையெழுத்தில், 'இங்கிலீஷ் பேசப்படும்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினேன். வண்டிக்காரனுக்குத் தமிழ் புரிந்து நின்றானோ, என் சத்தத்துக்குப் பயந்து நின்றானோ, நின்றுவிட்டான்.

விடுதிக்காரருக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வட்டக் கண்ணாடி. எங்களைப் பார்த்ததும் இடுப்பு ஒடிகிற மாதிரி நாலு தடவை குனிந்தார். "வெல்கம்" என்றார். நான் என் ஊர், பெயர், வந்த காரியம், எத்தனை நாள் தங்குவோம் என்பதையெல்லாம் கப்பலில் ஒத்திகை பார்த்த இங்கிலீஷில் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் இன்னொரு தடவை குனிந்து "வெல்கம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

வாசலை அடுத்த கூடத்தில் கரிக்கணப்புச் சட்டிக்கு முன்னால் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். விடுதிக்காரரின் மாமனார். விடுதி கிழவருடையது, மருமகன் வீட்டோடு மாப்பிள்ளை. இது பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்த முகம்தான். சிரிப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அறியாத முகம். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் கரியைக் கிளறினார்.

"என்னங்க, இந்த உம்மணாமூஞ்சி நம்மள உள்ள விடுமா?" என்றேன் என் வீட்டுக்காரரிடம், கிழவரின் காதுக்கு நேராகவே. யாருக்குப் புரியப்போகிறது?

உள்ளே விட்டார்கள். எங்களுக்கென்று வைத்திருந்த அறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் என்றால் தரையில் உட்கார மாட்டார்கள் என்று விடுதிக்காரர் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார். கோரைப்பாய்த் தரை கீறிவிடக்கூடாதே என்று நாற்காலிகளின் எட்டுக் கால்களுக்கும் குட்டிக் காலுறை தைத்து மாட்டியிருந்தார்! நாங்களோ செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். அவர் பதறிப்போய் நாற்காலியைக் காட்டினார். பாவமாக இருந்தது. அவருக்காக நாற்காலியில் ஏறி, அதன் மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டேன்.

குளியலறையிலும் இதே கதை. ஆள் மூழ்குகிற மரத்தொட்டியில் வெந்நீர் நிறைந்து ஆவி பறந்தது. பத்துப்பேர் மொண்டு குளிக்க வைத்த தண்ணீரில் எவளாவது காலை வைப்பாளா? வெளியே மணையில் உட்கார்ந்து, தேய்த்து, மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்து வந்தேன். எட்டிப் பார்த்த பணிப்பெண் ஆச்சரியத்தோடு விடுதிக்காரரிடம் ஓடினாள். பின்னால்தான் தெரிந்தது, வெள்ளைக்காரர்கள் சோப்போடு தொட்டிக்குள்ளேயே இறங்கித் தண்ணீரைப் பாழாக்கிவிடுவார்களாம். நான் இறங்காததால் எனக்கு அந்த வீட்டில் பெரிய மரியாதை. எதற்கு மரியாதை என்று தெரியாமலே அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாப்பாடுதான் பிரச்சினை. சோறு உண்டு, மீன் உண்டு, காரம் என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது. பணிப்பெண்ணிடம் 'சில்லி, சில்லி' என்று சொல்லி, நாக்கை நீட்டி, உஸ் உஸ் என்று கையால் விசிறிக் காட்டினேன். அவள் ஓடிப்போய் ஐஸ் போலத் தண்ணீர் கொண்டுவந்தாள். மறுநாள் காலையில் கூடத்து வழியாக வெளியே போகும்போது, "நாக்கு செத்துப்போச்சுங்க. ரெண்டே ரெண்டு காஞ்ச மொளகா கிடைச்சா இந்த ஊரையே கும்பிடுவேன்" என்று புலம்பிக்கொண்டே போனேன். குடைத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். அதில் பூ வைத்தது போல இரண்டு காய்ந்த மிளகாய்.

"பாத்தியா, உன் இங்கிலீஷ் வேலை செஞ்சிருக்கு!" என்றார் இவர். நானும் ஆமாம் என்று நம்பினேன். எனக்கு வந்த கர்வத்துக்கு அளவே இல்லை. அன்றிலிருந்து தினமும் கிண்ணம் வந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் விடுதிக்காரர் வந்து, ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். பலகையில் இருந்த அதே கையெழுத்து. பிழையில்லாத இங்கிலீஷ். என் ஏழாவது வகுப்பு இங்கிலீஷ் அதற்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அதில் எழுதியிருந்தது இதுதான்: "மேடம், நான் புத்தகம் பார்த்து இங்கிலீஷ் கற்றவன். படிப்பேன், எழுதுவேன். வாய்தான் வரவில்லை. மாமனாருக்குப் பிடிக்காமல் நானே பலகையை மாட்டினேன். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாளை மதியம் மாமனார் பக்கத்து விடுதிக்காரர்களை அழைத்திருக்கிறார். அவர்கள் முன்னால் நான் ஒரு விருந்தாளியோடு பேச வேண்டும். பேசாவிட்டால் பலகை இறங்கும். பலகை இறங்கினால் இந்த வீட்டில் நான் திரும்பவும் சோற்றுக்கு இருக்கிறவன்."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுத வரும், பேச வராது. அந்த அவஸ்தை எனக்குத் தெரியாதா? உடனே உட்கார்ந்து ஐந்து கேள்வி, ஐந்து பதில் எழுதினோம். ஊர் எப்படி, கப்பல் எப்படி, குளிர் எப்படி என்று சுலபமான கேள்விகள். அவர் ராத்திரி முழுக்க உருப்போட்டிருப்பார்.

மறுநாள் மதியம் கூடத்தில் நாலு விடுதிக்காரர்கள் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், கணப்புச் சட்டிக்குப் பின்னால், கிழவர். எனக்குக் காலுறை போட்ட நாற்காலி. என் வீட்டுக்காரர் ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். முதல் கேள்வி நன்றாக வந்தது. பதில் சொன்னேன். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை. ஒரு விடுதிக்காரர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார்.

நான் எதையாவது பேசிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். குளிரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். மழையைப் பற்றி ஒன்று. அத்தோடு என் சரக்கும் தீர்ந்துபோனது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு இங்கிலீஷ் சொல்கூட நெஞ்சில் இல்லை. அப்போது என்ன தைரியமோ, மிஷன் பள்ளிச் சிஸ்டர் பேசுகிற அதே ராகத்தில், மூக்கால், தமிழில் ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயா, பயப்படாதீங்க. இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. வாயில வந்ததப் பேசுங்க!"

அவர் என்ன நினைத்தாரோ, முகம் தெளிந்தது. பாடப் புத்தகத்திலிருந்து, "பசு ஒரு பயனுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று இங்கிலீஷில் முழங்கினார்.

"ஆமாமா, நாலுதான்! நானும் எண்ணிப் பாத்திருக்கேன்" என்றேன் தமிழில்.

"அது நமக்குப் பால் தருகிறது!"

"பேஷ்! அப்படித்தான், விடாதீங்க!"

ஓரத்தில் என் வீட்டுக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு இருமினார். விடுதிக்காரர் ஆட்டுக்குப் போனார், அங்கிருந்து சூரியனுக்கும் சந்திரனுக்கும் போனார். நடுவில் ஒரு தடவை அவர் கண் மாமனார் பக்கம் போய், குரல் தடுமாறியது. எனக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"அந்த உம்மணாமூஞ்சிக் கிழவரப் பாக்காதீங்க, என்னப் பாருங்க! இவ்வளவு அழகா எழுதுற புள்ளைய நாலு பேரு முன்னால நிக்கவச்சு வதைக்கிறாரே, இவருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? நாக்கு வரலேன்னா என்ன, ஆளு தங்கமில்லையா? பெத்த புள்ளையா இருந்தா இப்படிச் செய்வாரா?"

கடைசியில் சிஸ்டரின் ராகம் எங்கேயோ போய்விட்டது. கிழவர் கரியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் மெல்ல எழுந்தார். வாசலுக்குப் போனார். பலகையைக் கழற்றப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். விடுதிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் தன் கைத்துண்டால் அந்தப் பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை துடைத்தார். திரும்பி வந்து மருமகனிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாலு விடுதிக்காரர்களும் தலை தரையில் படுகிற மாதிரி குனிந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும்தான் கைதட்டினார், அதுவும் ஓங்கி.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். குடை வியாபாரமும் நல்லபடியாக முடிந்திருந்தது. பேரம் முழுவதையும் காகிதத்திலேயே எழுதிப் பேசினோம்; நான் எழுத, தொழிற்சாலைக்காரர் தரப்பில் நம் விடுதிக்காரர் எழுத! இவர் வாசலில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கிழவர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

"அம்மா," என்றார். "மொளகா போதுமா?"

கை அப்படியே செருப்பில் நின்றுவிட்டது. காதில் விழுந்தது தமிழ்தான். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் தமிழ்.

"ரங்கூன். அரிசிக் கப்பலு. நானு சமையலு," என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "ரொம்ப நாளு." அப்புறம் உள்ளே, மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மருமகனைக் காட்டி, "நல்ல ஆளு. சொல்லாதே" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த ஊர்க்காரர்கள் 'நான்' என்று சொல்லும்போது காட்டுகிற மாதிரி, ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டார்.

"உம்மணாமூஞ்சி," என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பல் எல்லாம் வரிசையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரங்கூனுக்கு வந்த பிறகு இவர் கடையில் சொல்கிற கதை பெரிதாகிவிட்டது. "ஜப்பான்காரனுங்க சபையிலே எம் பொஞ்சாதி ஒரு மணி நேரம் பேசினா, அத்தன பேரும் விழுந்து கும்பிட்டாங்க" என்பார். எந்த மொழியில் என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுவார். கிழவர் சொன்னதை நான் இவருக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் குடை விற்பதற்குள் அது ஊர் முழுக்கப் போயிருக்கும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், குடைக்கு ஆர்டர் அனுப்பும்போது, விடுதிக்கு ஒரு பை காய்ந்த மிளகாயும் அனுப்பினேன், மாமனாருக்கு என்று எழுதி. இரண்டு மாதத்தில் பதில் வந்தது, அதே முத்துமுத்தான கையெழுத்தில். பலகை அப்படியே இருக்கிறதாம். மாமனாரே தினமும் துடைக்கிறாராம். வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கடி வருகிறார்களாம், விடுதிக்காரரும் இப்போது ஐந்தாறு வாக்கியம் வாயாலேயே பேசிவிடுகிறாராம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "மேடம் அனுப்பிய மிளகாயை மாமனார் யாருக்கும் தருவதில்லை. கணப்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டு சிரிக்கிறார். எங்கள் யாருக்கும் காரணம் புரியவில்லை. மேடத்துக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று, பிழையில்லாத இங்கிலீஷில், அன்றைக்கே பதில் எழுதிப் போட்டேன்.