ஏழு கிடாவும் ஒரு தோளும்

“குடிச்சவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றதுக்கு அஞ்சு வருசம் படிக்கணுமா பாப்பா?” என்று கேட்டார் பெரியப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வக்கீல் கோட்டுப் போட்ட முதல் ஆளும் நான்தான். வீட்டிலிருந்து வந்த முதல் வழக்கு அவருடைய கொலை முயற்சி வழக்கு.

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் கிடா வெட்டுவது பெரியப்பா. வெட்டுக்கு முன் அவருக்கு ஒரு குவாட்டர் கொடுப்பது வழக்கம். அந்த வருடமும் குடித்தார், ஏழு கிடா வெட்டினார். பிறகு ஒரு கிடாவின் தலையைச் சகலை தூக்கிக்கொண்டு போக, தகராறு வந்தது. சகலை என்பது பெரியம்மாவின் தங்கை வீட்டுக்காரர். பெரியப்பா வீசிய அரிவாள் அவர் தோளில் பட்டது.

கீழ்க்கோர்ட்டில் வக்கீல் போதையைச் சாக்காகச் சொன்னார். தானாகக் குடித்தவருக்கு அது சாக்காகாது என்று ஐந்து வருடம் தண்டனை விழுந்தது. மேல்முறையீடு என் சீனியரிடம் வந்தது. பெரியப்பா ஜாமீனில் இருந்தார். தோற்றால் சேலம் சிறை.

உதவி செய்ய ஒரு நாள் எல்லோரும் தர்மபுரி ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். சமாதானமாகிவிட்ட சகலையும் அதே பஸ்ஸில் வந்திருந்தார்.

“ஒரு குவாட்டர் இல்லீங்க, மூணு. நாந்தான் ஊத்துனேன்,” என்றார் சகலை.

“அஞ்சுன்னு எழுதிக்குங்க,” என்றார் பெரியம்மா.

மேல்முறையீட்டில் இப்படிப் புதுச் சாட்சி சொல்ல முடியாது, பழைய வாக்குமூலங்களை வைத்துத்தான் பேசவேண்டும் என்று நான் சொல்வதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார்.

“அஞ்சு குடிச்சுட்டு ஏழு கெடாவ ஏழே வெட்டுல சாய்க்க முடியுமா? என் மானத்த வாங்காதீங்க.”

“அது நெசந்தாங்க,” என்றார் சகலை. “இவரு குறி தப்புனதே இல்ல. கோர்ட்லயும் அதத்தான் சொன்னேன்.”

நான் வழக்குக் கட்டைப் புரட்டினேன். குறுக்கு விசாரணையில் அப்படியே இருந்தது. டாக்டர் சான்றிதழில் வெட்டுக்காயம் இல்லை, நீளமான கன்றல் மட்டும்.

குடித்தவருக்கும் நிதானத்தில் இருப்பவருக்கு உள்ள அதே அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கொல்லும் எண்ணம் இருந்தது என்று தானாக எடுத்துக்கொள்ளாது. அதை அவர் செய்ததை வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

“பெரியப்பா, அரிவாள எப்படிப் புடிச்சீங்க?”

“தட்டையாத்தான். தலைக்கறியத் திருடுனா ஒரு தட்டு தட்ட வேணாமா? சகலையப் போயி வெட்டுவனா?”

“இத ஏன் கோர்ட்ல சொல்லல?”

“வக்கீலு வாயத் தொறக்காத, தள்ளாடிக்கிட்டே நில்லுன்னாரு. ரெண்டு வருசம் தள்ளாடினேன். இடுப்பு போச்சு.”

சகலையின் முகம் வாடிவிட்டது. “உசுரு தப்புனதுக்கு நான் மொட்டையில்ல போட்டேன். அந்த முடிய யாரு குடுப்பா?”

சீனியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுதும்மா. நீயே பேசு.”

எழுதினேன். ஏழு கழுத்தில் தப்பாத கை, அதே நாளில், அதே போதையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றவருக்குக் கன்றல் மட்டுமே கொடுத்திருக்கிறது. காயப்படுத்திய குற்றம் நிற்கலாம், கொலை முயற்சி நிற்காது. பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

“ஏழு கெடாவுக்கும் ஏழே வெட்டுன்னு போட்டியா?”

“போட்டிருக்கேன்.”

“அப்ப சரி. படிச்ச புள்ளதான்.”

இன்று காலை எழுத்து வாதத்தைத் தாக்கல் செய்துவிட்டேன். வக்காலத்தில் சீனியர் பெயருக்குக் கீழே என் கையெழுத்து. பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்: திங்கட்கிழமை கோர்ட்டில் நேராக நிற்கவேண்டும்.