வெள்ளிக்கிழமைத் தூளில் நார்

வெள்ளிக்கிழமைத் தூளில் மட்டும் நார் கிடந்தது. லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். எது எந்தக் கிழமையில் நடந்தது என்று பார்ப்பது என் பழக்கம். அதனால் பெப்ரவரி முடிவதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்கும் பிடிபட்டது. ஆனால் அவர் கண்ட காரணம் வேறு.

"வெள்ளிக்கெழமையானா இவளுக்குக் கோயில் நெனப்பு. வேலையில கண்ணு இல்ல. இன்னும் ஒரு வெள்ளி பார்ப்பேன். அப்பவும் நார் கெடந்தா, மலைக்குப் போயிக் கொழுந்து எடுக்கட்டும்."

இவள் என்றது, தூளில் கலந்த காம்பு நாரைப் பிரித்தெடுக்கும் மெஷினில் நிற்கும் அக்காவை. முழங்கால் தேய்ந்துபோனதால்தான் அவரை மலையிலிருந்து தொழிற்சாலைக்குள் எடுத்தார்கள். திரும்பவும் சரிவில் ஏறச் சொன்னால் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

அந்த மெஷினில் மர்மம் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துணியில் உரசியபடி சுற்றும். உரசலில் உருளைமேல் மின்னேற்றம் சேரும். அதைச் சுற்றி மின்புலம் உண்டாகும். அதாவது, தொடாமலே இழுக்கிற எல்லை. கீழே தட்டில் தூள் ஓடும்போது, நாரில் உருளையைப் பார்த்த பக்கம் எதிர் ஏற்றம் கூடும். எதிரெதிர் ஏற்றங்கள் இழுக்கும். பாரமில்லாத நார் துள்ளிப்போய் உருளையில் ஒட்டும். கனமான தூள் தன் வழியே போய்விடும். உருளையில் ஈரம் பட்டால் ஏற்றம் கசிந்துவிடும். அவ்வளவுதான்.

அக்கா வெள்ளிக்கிழமைதோறும் செய்வதைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் உருளைகளைத் துடைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு, மேலே குங்குமம். கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போடுகிறார்.

"ஈரத்தால ஏற்றம் போயிடுதுங்கக்கா" என்றேன்.

"ஏத்தமா? எந்த ஏத்தம், தொரை பங்களாவுக்கு ஏறிப்போற ஏத்தமா?"

சலிக்கும் அறையே சிரித்தது.

"மின்னேற்றம்."

"கரண்டச் சொல்றீங்களா? கரண்டு இருக்கே. மெஷின் சுத்துதே."

எங்கள் பக்கத்தில் எல்லாமே கரண்ட்தான். விளக்கு எரிவதும் கரண்ட், உருளைமேல் நிற்பதும் கரண்ட். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஓடுகிற மின்னையும் நிற்கிற மின்னையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? இதற்கென்றே கொண்டுவந்த சீப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். தலையில் தேய்த்துவிட்டு நாருக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னேன். தலை நிறையத் தேங்காய் எண்ணெய் என்பதை யோசிக்கவில்லை. சீப்பு எதையும் இழுக்கவில்லை. அவர் அதை நாரின்மேல் அழுத்தினார். எண்ணெய்ப் பிசுக்கில் கொத்தாக ஒட்டியது.

"ஒட்டிருச்சுங்க ஐயா! அப்ப மெஷினுக்கும் எண்ணெய் பூசிரவா?"

"ஐயோ, வேணாங்கக்கா!"

"ஐயா தலையில தேச்சுக் காட்டட்டுமே" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அங்க என்னடி இருக்கு தேய்க்க?" என்றாள் அடுத்தவள்.

மூன்று பாடப்புத்தகங்களைப் புரட்டிவிட்டு வந்திருந்தேன். எதிலும் இதற்குப் பதில் இல்லை. விளக்கத்தைக் கைவிட்டுக் கெஞ்சத் தொடங்கினேன்.

"இந்த ஒரு வெள்ளி மட்டும் காய்ஞ்ச துணியால தொடைங்கக்கா. பொட்ட உருளையில வைக்காம இரும்புக் கால்ல வைங்க."

"சாமிக்குக் கால்ல போயி யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

"சரி, மேல சட்டத்துல வைங்க. நெத்தின்னு நெனச்சுக்கங்க."

முழங்காலைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஒரே ஒரு வெள்ளிதான். அப்புறம் என்னையக் கேக்கப்படாது."

அந்த வெள்ளி நல்ல வெயில். உருளைகளில் நார் பூனை ரோமம்போல் படிந்தது. டீமேக்கர் ஐயா ஒரு கை தூளை அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளங்கையில் பரப்பி மறுபடி பார்த்தார். அக்கா மெஷினைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நார் இல்ல" என்றார் ஐயா. "மெரட்டினாத்தான் இவளுக்கு வேலை வருது. சரி, இங்கேயே நிக்கட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மெரட்டினதால இல்லைங்க ஐயா. உருளையில ஈரம் பட்டா, அதுல இருக்கிற..."

அவர் கையை உயர்த்தினார். "நீங்க ஆபீசுக்குப் போங்க. இங்க நின்னு பாடம் நடத்தி இவங்க வேலையக் கெடுக்காதீங்க."

"நல்லாச் சொல்லுங்க ஐயா" என்றார் அக்கா, அவரைப் பார்த்து.