ஒன்பதாம் கட்டத்தில் எழுதிய நோய்

என்னிடம் இருக்கும் படிவப் பிரதியில், ஒன்பதாம் கட்டத்தில், ‘நோயின் தன்மை’ என்பதற்கு நேரே நீல மையில் ‘கசம்’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. கீழே கிராம சேவகரின் ஒப்பமும் இறப்பர் முத்திரையும். முத்திரையின் நாள் மை பரவி அழிந்துவிட்டது. என் நாட்குறிப்பில் அது ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. வருடத்தையும் குறித்து வைத்திருக்கிறேன், இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு பின்னேர வேலை. சமாதான ஒப்பந்தம் பெயரளவில் இருந்தது, ஆனால் வீதியில் ஆட்கள் மறுபடி சுடப்படத் தொடங்கியிருந்தார்கள் என்று சொன்னால் போதும்.

கசம் என்றால் காசநோய். அது பொய். என் அண்ணனுக்கு இருந்தது எச்.ஐ.வி.

அவர் ஒன்பது வருடம் வளைகுடா நாடொன்றில் லொறி ஓட்டினார். விசா புதுப்பிக்க இரத்தம் கொடுத்தார். நான்காம் நாள் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு ‘மெடிக்கல் ஃபெயில்’ என்று சொன்னோம். அந்தச் சொல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஈரலோ நெஞ்சோ என்று அவரவர் நினைத்துக்கொள்வார்கள். உண்மை தெரிந்தவர்கள் அண்ணன், அவர் மனைவியான மச்சாள், நான், கிளினிக்கில் டொக்டரும் தாதி மிஸியும். மச்சாளுக்கும் மகளுக்கும் இரத்தம் பார்த்து, இல்லை என்று வந்திருந்தது.

அண்ணனின் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அந்தக் கரை புலிகள் இயக்கத்தின் கையில். நான் புளியந்தீவில் ஒரு பாடசாலையில் எழுத்தராக, எங்கள் பேச்சில் லிகிதராக, இருந்தேன். இந்தக் கரை இராணுவத்தின் கையில். நடுவில் பாதை. வாகனமும் ஆளும் ஏறி வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். இரண்டு கரையிலும் கேள்வி கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்பது வேறு வேறு. அண்ணன் பயந்தது ஒரே விடைக்கு.

கிளினிக் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் விறாந்தையின் கடைசி அறை. பெயர்ப்பலகை இல்லை, இலக்கம் மட்டும். இரண்டு கிழமைக்கு ஒரு புதன்கிழமை டொக்டர் வருவார். மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஆனால் இரத்தத்தின் ஒரு பரிசோதனைக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். உழைப்பில்லாத அண்ணனால் அது முடியாது. வருமானம் குறைந்த கிளினிக் நோயாளருக்கு அரசாங்கம் பயணச் செலவு கொடுக்கிறது, ஒரு படிவம் நிரப்பினால் போதும் என்று மிஸி சொன்னார். வருமானத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும்.

“நோயின் தன்மை எண்ட இடத்தில ‘நீண்டகால நோய்’ எண்டு மட்டும் எழுதுங்கோ. வேற ஒண்டும் வேணாம்” என்றார். இரண்டு தரம் சொன்னார். நான் குறித்தும் வைத்தேன்.

கிராம சேவகரின் அலுவலகம் அவர் வீட்டு முன் அறைதான். பிச்சைச் சம்பளத்துக்கு, அதாவது மாதாந்த அரசாங்க உதவிக்கு, ஏழெட்டுப் பேர் வாங்கில் இருந்தார்கள். அண்ணன் உள்ளே வரவில்லை. படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிராம சேவகர் படிவத்தைச் சத்தமாக வாசித்தார். எல்லாப் படிவத்தையும் அவர் சத்தமாகத்தான் வாசிப்பார்.

“நீண்டகால நோய். இதென்ன மனே? எனக்குச் சீனி வருத்தம் பதினைஞ்சு வரியமாக் கிடக்கு. எனக்கும் கவர்மெண்ட் பஸ் காசு தருமோ?”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், “அப்ப என்ட மனிசியும் நீண்டகால நோய்தான் விதானையார், எனக்கும் ஒரு போம் தாங்க” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். 

“வருத்தத்துக்குப் பேர் எழுதாம நான் கையெழுத்து வைக்க ஏலாது. நாளைக்கு ஓடிட்டர் வந்தா ஆர் பதில் சொல்லுற?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படிவத்தை வாங்கி, எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘கசம்’ என்று எழுதினேன். எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று பிறகு பலநாள் யோசித்தேன். கசக்காரருக்கு அரசாங்கம் உதவி கொடுப்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பேன்.

“இத முதலே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றார் கிராம சேவகர். ஒப்பம் வைத்தார். பிறகு கதிரையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தச் சொல் எங்களைக் காப்பாற்றியது. கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பாதைத் துறையில் இருந்த இராணுவச் சென்றியில் அண்ணனின் பையைத் திறந்தார்கள். மருந்துப் போத்தல்களின் லேபிள்களை அவர் நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார், யாரும் பெயரை வாசித்துவிடக் கூடாது என்று. பெயரில்லாத மாத்திரைப் போத்தல் மூன்று, போவது படுவான்கரைக்கு. அந்த நாளில் மருந்து கடத்துகிறவன் என்று பிடிபட்டவன் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

“யாருக்கு? கொட்டியாவுக்கா?” என்று சிப்பாய் கேட்டான். புலிக்கா என்று கேட்கிறான். அவனுக்கு இருபது வயதிருக்கும். விரல் துவக்கின் மேல் இருந்தது.

  நான் படிவப் பிரதியை எடுத்து நீட்டினேன். “டீ.பீ.” என்றேன். நெஞ்சைத் தொட்டு இருமிக் காட்டினேன். சிப்பாய் ஒரு அடி பின்னால் போனான், போத்தலைத் தடியால் பைக்குள் தள்ளிவிட்டான், கையைக் காட்டினான். பாதை நடு வாவிக்கு வந்த பிறகுதான் அண்ணன் மூச்சு விட்டதைக் கேட்டேன்.

“நல்ல வருத்தமொண்டு எடுத்துத் தந்திருக்காய்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நாடு திரும்பிய பிறகு அவர் விட்ட முதல் பகிடி அது.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. கசம் அறிவிக்க வேண்டிய நோய். கிராம சேவகர் கடமை தவறாதவர். சுகாதாரப் பகுதிக்கு அறிவித்திருந்தார். புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில் மச்சாளிடமிருந்து, பாதையில் வந்த மீன்காரர் மூலம், ஒரு துண்டு வந்தது: “பீ.எச்.ஐ. நாளைக்கு வாறாராம். சுத்தி உள்ள நாலு வீட்டுக்கும் போகப் போறாராம். இவர் சாப்பிடயில்ல. நீங்க வாங்க.”

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எல்லோரும் பீ.எச்.ஐ. என்றுதான் சொல்வார்கள். நான் ஞாயிறு முதல் பாதையிலேயே போனேன். அண்ணன் வளவின் பின்பக்கம் மாமரத்தடியில் குந்தியிருந்தார்.

“சளி குடுத்தாக் கசம் இல்லையெண்டு வரும். இல்லையெண்டா பிறகென்னத்துக்குக் குளிசை எண்டு கேப்பான். கேட்டா ஊருக்குத் தெரியும். பிள்ளையப் பள்ளிக்கு விடுவாங்களா? இயக்கத்துக்குக் கதை போனா அவங்க என்ன செய்வாங்களெண்டு உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் பயம்.

“நான் குளிசைய விடப் போறன். கிளினிக்குக்கும் போக மாட்டன். போனாத்தானே கேக்கிற.”

மச்சாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “விட்டுப்போட்டுச் செத்தா மட்டும் ஆக்கள் கேக்க மாட்டாங்களோ? அப்பவும் என்னட்டத்தான் கேப்பாங்க” என்றார். 

பீ.எச்.ஐ. ஒன்பதரைக்கு வந்தார். ஐம்பது வயது கடந்த மெலிந்த மனிதர். சைக்கிள் கரியரில் பெரிய பதிவேடு, துணிப்பையில் சளிப் போத்தல்கள். அவர் முற்றத்தில் கதிரையில் இருந்ததும் பக்கத்து வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

“என்னகா, வெளிநாட்டால பெட்டி வருமெண்டு பாத்தா இருமலையோ கொண்டு வந்திருக்கார்?”

“உனக்கும் ஒரு போத்தல் வாங்கித் தாறன், நிண்டு துப்பிக் குடுத்திட்டுப் போகா” என்றார் மச்சாள். தலை மறைந்தது, ஆனால் கால்கள் வேலியை விட்டுப் போகவில்லை. கிடுகுக்குக் கீழே பார்த்தேன்.

பீ.எச்.ஐ. பதிவேட்டைப் புரட்டினார். “நெஞ்சுக் கிளினிக்கில உங்கட பேர் இல்லையே தம்பி. எங்க மருந்தெடுக்கிறீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“சரி, குளிசையக் கொண்டு வாங்க.”

நெல் மூடைக்குப் பின்னாலிருந்து மச்சாள் போத்தல்களை எடுத்து வந்தார். பீ.எச்.ஐ. ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். கச மருந்தை எத்தனை வருடம் வீடு வீடாகக் கொடுத்த மனிதராயிருப்பார், இது கசக் குளிசை இல்லையென்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும். சுரண்டிய லேபிளின் மேல் பெருவிரலை ஒருதரம் ஓட்டினார். மூடியை இறுக்கினார். போத்தலை மச்சாளின் கையில் கொடுத்தார், அண்ணனின் கையில் அல்ல.

“இருமல் இருக்கா?”

“இல்ல ஐயா.”

“விடியப்புறம் சளி எடுத்து ரெண்டு போத்தல் குடுங்க. இந்தக் குளிசைய ஒரு நாளும் விடாமப் போடுங்க.” குரல் வேலி வரைக்கும் போகாத அளவு. பிறகு சத்தமாக, “தங்கச்சி, தேத்தண்ணி ஒண்டு போடுங்க” என்றார்.

கசம் என்ற கதை பரவியதிலிருந்து அந்த வீட்டில் வெளியார் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் முற்றத்தின் நடுவில், வேலிக்கு நேரே இருந்து, முழுக் கோப்பையையும் குடித்தார். “சீனி கூடிப்போச்சு” என்று குறையும் சொன்னார்.

படலை வரைக்கும் அவருடன் போனேன். நாலு வீட்டையும் இப்போது பார்க்கப் போகிறாரா என்று கேட்டேன்.  அவர் சைக்கிளில் ஏறி நேரே வாவிப் பக்கம் போனார். அன்று அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. மாலைவரை நான் அங்கே நின்று பார்த்தேன். சளியில் கிருமி இல்லை என்று பதினோராம் நாள் வந்தது.

அடுத்த கிளினிக் புதன்கிழமைக்கு அண்ணன் வரமாட்டார் என்றே நினைத்தேன். முதல் பாதையில் வந்தார். சவரம் செய்திருந்தார். “இன்னொராளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அந்தாள் தேத்தண்ணி குடிச்சவர்” என்றார். வேறு காரணம் சொல்லவில்லை. நடந்ததை மிஸியிடம் சொன்னபோது அவர் என்னைத்தான் ஏசினார். “நான் சொன்னதையெல்லோ எழுதியிருக்க வேணும்? ஏலாதெண்டா இஞ்ச கொண்டு வந்திருக்கலாமே, நோய்க் கட்டத்துக்கு டொக்டர் கையெழுத்து வைப்பாரே.” அது எனக்குத் தோன்றவேயில்லை. லிகிதருக்குப் படிவம் ஒப்பமில்லாமல் திரும்பக் கூடாது.

பயணப்பணம் வந்தது. அண்ணன் கொழும்புக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவர் பாதையேறிய ஒவ்வொரு புதனும் அவர் அக்கரை சேர்ந்த செய்தி வரும்வரை நான் பாடசாலைக் கந்தோரில் ஒரு வரி சரியாக எழுதியதில்லை. நாட்குறிப்பில் அந்தப் புதன்களில் நேரம் மட்டும் இருக்கிறது: போனது, வந்தது.

பிறகு ஷெல் விழத் தொடங்கியது. படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தது. பீ.எச்.ஐ. வேறு மாவட்டத்துக்கு மாற்றம் பெற்றுப் போனதாகக் கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து, அவருடன் வேலை செய்ததாகச் சொன்ன ஒருவர், சுற்றியுள்ள நாலு வீட்டுக்கும் போய்ப் பார்த்ததாகவே பீ.எச்.ஐ. பதிவேட்டில் எழுதி ஒப்பம் வைத்திருந்தார் என்றார். சொன்னவர் அவர் ஒருவர் மட்டும். அந்தப் பதிவேட்டை நான் தேடினேன், கண்டதில்லை. இடப்பெயர்வில் அழிந்ததா, ஏதாவது அலுமாரியில் இன்னும் கிடக்கிறதா தெரியாது. அண்ணனின் பெயருக்கு நேரே அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.