அத்தாவின் அண்ணனைப் பார்க்கப் போனது

காலை ஏழரைக்குத் திண்டுக்கல்லில் ஏறிய ரயில் பகல் ஒன்றரைக்குத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. சுமார் நானூறு கிலோமீட்டர். நான் கணக்கு டீச்சர். நேரத்தையும் தூரத்தையும் குறித்துக்கொள்ளாவிட்டால் எனக்குப் பயணம் செரிக்காது. இந்த முறை அது கைகொடுக்கவும் செய்தது. அம்மா ஒப்படைத்த வேலையை நினைக்காமல் இருக்க எதையாவது எண்ணிக்கொண்டு வருவது நல்லதாக இருந்தது.

போன வாரம் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். கபுருக்கு ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும், நீ வந்து அத்தாவிடம் கேள் என்றாள். அந்தக் கபுரில் அடக்கமாகி இருப்பவர் என்னைப் பெற்றவர். அத்தா என்று நான் கூப்பிடுவது என்னை வளர்த்தவரை, அதாவது பெற்றவரின் தம்பியை.

எனக்கு எட்டு மாதம் இருக்கும்போது, வடக்கு எல்லையில் நடந்த போரில் என்னைப் பெற்றவர் காணாமல் போனார். இறந்தார் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. நான்கு வருடம் காத்திருக்கச் சொன்ன ஜமாத், அதன் பிறகு அம்மாவை இத்தா இருக்கச் சொன்னது. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இருக்கும் காலம் அது. அதுவும் முடிந்த பின் கொழுந்தனுக்கே நிக்காஹ் செய்து வைத்தார்கள். அவர் காணாமல் போய் ஐம்பது வருடம் ஓடிய பிறகு, ரோந்து போன சிப்பாய்கள் பனிக்குள் ஓர் உடலைக் கண்டார்கள். கழுத்தில் நம்பர் தகடு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் கொடி போர்த்திய பெட்டியில் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மடித்துக் கொடுத்த கொடியை அத்தாதான் வாங்கினார். அம்மா அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

1.50: தாம்பரம் கிழக்கில் வேளச்சேரி பஸ். பெண்களுக்கு இலவசம். ஐந்து கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம். அதில் பாதி கேம்ப் ரோடு சிக்னலுக்கே போனது. விமானப்படைத் தளத்தின் மேல் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

2.25: வீடு. கீழே அத்தாவின் மோட்டார் ரிவைண்டிங் கடை, மாடியில் குடித்தனம். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு அவசரமாகத் தட்டைப் பார்த்தாள். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திக்கித் திணறிக் கேட்டு முடித்தேன். அம்மா தண்ணீர் எடுக்கும் சாக்கில் நழுவிவிட்டாள். அத்தா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கே போலாம். லுஹர் தொழுகை முடிஞ்சுட்டா மையவாடில ஆள் இருக்காது. மோதினார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. அவளா கேக்கட்டும்னு இருந்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அண்ணனை அடக்கிய மறுநாளிலிருந்து அம்மா வாசலுக்கே வரவில்லையாம். முட்டிவலி என்றாளாம். கல்யாண வீடுகளுக்கும் போகவில்லை, நல்ல புடவை கட்டவில்லை, பூ வைக்கவில்லை. பழைய இத்தா ஊகத்துக்கு இருந்தது, இதுதான் நிஜம் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று முட்டிவலியும் போய்விட்டது.

"நான் கடைக்குப் போய் கத்திரிக்கா வாங்கிட்டு வரேன், பொண்டாட்டி வீட்ல இத்தா இருக்கா. யார்கிட்டமா போய்ச் சொல்றது இதை?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவர் மேலும் ஒரேயடியாகக் கோபம் வந்தது. ஒரு கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

3.10: ஆட்டோ. இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். சிட்லபாக்கம், அஸ்தினாபுரம் வழியாகக் குரோம்பேட்டைப் பக்கம் ஆறு கிலோமீட்டர். அம்மாவுக்கும் அத்தாவுக்கும் நடுவே என்னை உட்கார வைத்துவிட்டார்கள். குரோம்பேட்டையில் எங்கே என்று கேட்ட ஓட்டுநர், அத்தா அடக்கத்தலத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"மையவாடிக்கா? லேடீஸ உள்ள வுட மாட்டாங்களேமா."

அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. கேட்டாயிற்று, சொல்லியாயிற்று என்று அத்தா பதில் சொன்ன பிறகும் அந்தப் பிடி தளரவில்லை. இறங்கியதும் ஓட்டுநர், "மெதுவா போய்ட்டு வாங்க, நான் இங்கியே கீறேன்" என்றார். காத்திருப்புக்குத் தனியாகக் கேட்கவும் இல்லை.

3.35: மோதினார் கேட்டைத் திறந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர், மையவாடிச் சாவியும் அவரிடம்தான். "சுவரோரமா நடந்து போங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். உள்ளே வேப்பமரங்கள், புல் மண்டிய வரிசைகள். அத்தா முன்னால் நடந்து ஒரு மேட்டின் அருகே நின்றார். தலைமாட்டில் சிறிய கல்; அதில் பெயரும் பட்டாள நம்பரும். அத்தா ஃபாத்திஹா ஓதி, கையேந்தி துஆ கேட்டார். பிறகு ஏதோ வேலை இருப்பது போல நான்கு கபுர் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வீட்டுக்கு வந்தவரிடம் பேசும் குரலில் பேசினாள்.

"நான்தான், ஜுபைதா. உங்க தம்பி என்னை நல்லா வச்சிருக்காரு. உங்க புள்ளையவும்."

அவ்வளவுதான். குனிந்து, கல்லின் மேல் கிடந்த வேப்பஞ்சருகுகளைத் தட்டிவிட்டாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. அந்த முகம் எனக்கு ஒரு போட்டோவில் மட்டுமே தெரியும். ஆனாலும் அந்த நிமிடம் அவர் அங்கே இருந்து கேட்டுக்கொண்டது போலவே பட்டது. அத்தா இன்னும் திரும்பவில்லை. நாங்கள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அசைந்தார், வழியில் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பகல் ஒன்றரை மணி வண்டிக்கு அத்தா வழியனுப்ப வந்தார். வேண்டாமென்று சொன்னாலும் கேட்கமாட்டார். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் எல்லோரும் மனதில் பட்டதைச் சத்தம் போட்டே சொல்லிவிடுவோம். ஒரு நாள் தங்கியதில் எனக்கே பேச்சு குறைந்திருந்தது. வண்டி புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போது அத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து அம்மா சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அத்தா."

"சரி," என்றார். "எனக்கு மட்டும் அப்படிக் கேட்டுச்சோன்னு நினைச்சேன்."